மீசை எடுத்த சத்திரத்துக்காரர்

ஒரு ஊர்ல, கள்ளியைத் தவிர வேற பச்சையே இல்லாத ஒரு காஞ்ச ஊர்ல, உடையப்பன்னு ஒரு பெரியதனக்காரன் இருந்தானாம். ஊருக்கு வெளியே அவனுக்கு ஒரு பழைய ஓட்டு வீடு, ஒரு கெணறு, சுத்தி கொஞ்சம் நெலம். பேயே குடியிருக்க யோசிக்கிற வீடு. அதை எவன் தலையில கட்டலாம்னு பாத்துக்கிட்டே இருந்தான், வந்து மாட்டினாங்க ரெண்டு பேரு.

யாருன்னு கேளுங்க. பட்டணத்துல உப்புக்கடை வெச்சிருந்த தில்லைநாயகமும் அவரு பொஞ்சாதி பூரணமும். பூரணம் சின்ன வயசுல பட்டினி கெடந்து வளந்தவ. மழையில்லாத அந்த ஊர்ச் சனங்க பட்டணத்துத் தெருவுல பசியோட அலையறதப் பாத்து அவளுக்கு மனசு தாங்கல. "ஏங்க, கடையை வித்துட்டு அங்கேயே போயி ஒரு சத்திரம் வெச்சுச் சோறு போடுவோம்"னா. அந்த மனுசனும் சரின்னுட்டாரு. கடையை வித்து, தோட்டை வித்து, இருந்த வீட்டையும் வித்துட்டு வந்து நின்னாங்க. திரும்பிப் போக இனி ஒரு கூரை கெடையாது.

உடையப்பன் பணத்தை வாங்கி மடியில முடிஞ்சுக்கிட்டு, "ஒரே ஒரு நிபந்தனை"ன்னான். "தை பொறக்கறதுக்குள்ள இந்த ஊர் ஆள் ஒருத்தராச்சும் உங்க சத்திரத்துல எலை போட்டுச் சாப்பிடணும். இல்லேன்னா வீடும் நெலமும் எனக்கே. ஐயனார் முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க."

"பசிச்ச ஊர்ல சோறு திங்க ஆளா இல்ல?"ன்னு சிரிச்சுக்கிட்டே தில்லைநாயகம் கற்பூரத்தை அணைச்சாரு. அப்புறம் அந்தத் திருட்டுப் பய அவரு காதுகிட்ட வந்து, "ஒண்ணு சொல்றேன். இங்க யார் எதைக் குடுத்தாலும் வாங்கிராதீங்க. தருமம் பண்ண வந்தவங்க கை நீட்டினா மரியாதை போயிரும்"னான். ரெண்டு பேரும், எவ்வளவு நல்ல மனுசன்னு நெனச்சாங்க.

இப்ப உங்களுக்கு மட்டும் சொல்றேன். அந்த ஊர்ல ஒரு வழக்கம். நாம குடுத்ததை ஒரு வாய் சாப்பிடாதவங்க வீட்டுல நாம கை நனைக்கப்படாது. உசுரு போனாலும் நனைக்கப்படாது. இது உடையப்பனுக்குத் தெரியும், இவங்களுக்குத் தெரியாது.

மொதல்ல சடச்சின்னு ஒரு கெழவி முந்தானையில சுண்டைக்காய் கொண்டு வந்தா. "வேண்டாம்கா, எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. அப்புறம் ஆடு மேய்க்கிற இருளாண்டி செம்புல பால் கொண்டு வந்தான். "வேண்டாம்ப்பா, எடுத்துட்டுப் போ"ன்னாங்க. அப்புறம் இன்னொருத்தி ரெண்டு முட்டை கொண்டு வந்தா. அதையும் எடுத்துட்டுப் போன்னாங்க. மூணு பேரும் மொகம் சுண்டிப் போயித் திரும்பினாங்க.

பூரணம் கூழ் காச்சினா. சனங்க வாசல் வரைக்கும் வந்து எச்சிலை முழுங்கிட்டுப் போயிட்டாங்க. அவளுக்குப் புரியல. சக்கரைப் பொங்கல் வெச்சா. வந்தாங்க, மோந்து பாத்தாங்க, போயிட்டாங்க. புரியல. பருப்பு, வடை, பாயசம்னு கல்யாணச் சாப்பாடே போட்டா. அதுக்கும் அப்படித்தான். ஊர்ல இருந்த நாயெல்லாம் கொழுத்ததுதான் மிச்சம். சனங்களுக்கும் புரியல: நாம குடுத்தா தொடமாட்டாங்களாம், நம்மள மட்டும் வந்து தின்னச் சொல்றாங்களாம், இது என்ன சேர்த்தி?

தில்லைநாயகம் உக்காந்து யோசிச்சாரு. உப்பு பத்தலையோன்னு உப்பைக் கூட்டினாரு. வாசல் சின்னதோன்னு செவுத்தை இடிச்சாரு. எதுவும் நடக்கல. மார்கழிக் கடைசி நாளும் வந்து போச்சு, போகிப் பண்டிகை விடிஞ்சிருச்சு. பூரணம் அழுதுட்டா. "ஊர்ல ஒருத்தர் சாப்பிடற வரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்"னு மூலையில சுருண்டு படுத்துட்டா. அந்த மனுசன் கண்ணாடியப் பாத்தாரு. முறுக்கின பெரிய மீசை. "இதைப் பாத்துத்தான் பயப்படுறாங்க!"ன்னு கத்தியை எடுத்து மழுங்க வழிச்சுட்டாரு.

ஐயோ, சிரிக்காதீங்க! அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை எப்ப மீசை எடுப்பான்? வீட்டுல சாவு விழுந்தாத்தானே?

கெணத்தடியில அவரு மொகத்தப் பாத்த இருளாண்டி ஆட்டை விட்டுட்டு ஓடினான். "சத்திரத்து வீட்டுல துட்டி! சாவு விழுந்திருச்சு!" கொஞ்ச நேரத்துல ஊரே வந்து நிக்குது. ஆம்பளைங்க வந்து அவரு கையத் தொட்டுத் தொட்டுத் துக்கம் கேக்கறாங்க, அவரும் ஏதோ மரியாதை பண்றாங்கன்னு தலையத் தலைய ஆட்டறாரு. பொம்பளைங்க உள்ள போனா பூரணம் அழுது வீங்கின மொகத்தோட கெடக்குறா. சரிதான், வீட்டுப் பெரியவங்க யாரோதான் போயிட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க.

துட்டி வீட்டுல அடுப்பெரியாது, அக்கம்பக்கம்தான் கஞ்சி கொண்டாரணும். சடச்சி ஓடிப்போயித் தன் வீட்டுல இருந்த கடைசிக் குருணையைக் காச்சி எடுத்துட்டு வந்தா. பூரணத்தை மடியில சாச்சுக்கிட்டு, "குடி தாயி. போனவங்க போயிட்டாங்க. நீயும் வயித்தைக் காயப் போட்டா எப்படி?"ன்னா. யாரு போனாங்கன்னு பூரணத்துக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவளைப் பெத்தவகூட அப்படி மடியில போட்டுக் கஞ்சி குடுத்ததில்ல. வாங்கக் கூடாதுன்னு உடையப்பன் சொன்னதெல்லாம் மறந்தே போச்சு. மடக் மடக்குன்னு குடிச்சுட்டா.

அப்புறம் மெதுவா, "அக்கா, யாரு செத்தது?"ன்னு கேட்டா.

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்"னா சடச்சி.

"யாரும் சாகலையே!"

"சாகலையா? பின்ன உன் வீட்டுக்காரரு மீசை எங்க?"

தில்லைநாயகம் வந்து திருதிருன்னு முழிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. மீசை, வாசல், உப்பு, உடையப்பன் காதுல சொன்னது, எல்லாம். "அடப்பாவி, நம்ம வழக்கத்தை உங்களுக்குச் சொல்லவே இல்லையா!"ன்னு ஊரே தலையில அடிச்சுக்கிட்டு அதை எடுத்துச் சொல்லுச்சு. சடச்சி எந்திரிச்சுச் சேலையை உதறினா. "என் கஞ்சியக் குடிச்சுட்டல்ல தாயி? போடு எலையை"ன்னு சம்மணம் போட்டு உக்காந்தா. இருளாண்டி பால் கறந்துட்டு ஓடி வந்தான், முட்டைக்காரி முட்டையோட வந்தா. அவங்க குடுத்ததை இவங்க சாப்பிட, இவங்க போட்டதை அவங்க சாப்பிட, ஊரே உக்காந்துருச்சு.

பொழுது சாயறப்ப உடையப்பன் சாவி வாங்க வந்தான். வரிசையப் பாத்தான், மொகம் செத்துப் போச்சு. "துட்டி வீட்டுல தின்னது கணக்குல வராது!"ன்னு கத்தினான். "துட்டியே இல்லையே, என் மீசை, நான் எடுத்தேன்"னாரு தில்லைநாயகம். அவன் விறுவிறுன்னு வீட்டுக்குப் போனா அடுப்புல பூனை தூங்குது. அவன் பொஞ்சாதியும் தன் பங்குக்கு மோர் குடுத்துட்டு வரிசையிலதான் உக்காந்திருக்கா! வயிறு காந்துது. வேற வழியில்லாம திரும்பி வந்து எலைக்குப் பக்கத்துல நின்னான்.

"பெரியதனம், இவங்களுக்கு உங்க கையால ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடுத்திருக்கீங்களா? வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே?"ன்னான் இருளாண்டி.

போனான். அவன் வீட்டுலயே அரிசிப் பானை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியல. தேடிப் பிடிச்சு, அடி தீஞ்சு மேல வேகாத ஒரு கஞ்சியக் காச்சி, சட்டியத் தானே தூக்கிக்கிட்டுத் தெரு வழியா வந்தான். புள்ளைங்கெல்லாம் பின்னாலயே ஊர்வலம். பூரணம் அந்தக் கஞ்சிய மொகம் சுளிக்காம முழுசும் குடிச்சா. குடிச்சுட்டு, "பசிக்குதாண்ணே?"ன்னு கேட்டா.

ஊர் மொத்தமும் கையை எலையில வெச்சுக்கிட்டு அவனையே பாக்குது. வீட்டைப் பிடுங்க வந்தவன். அவன் வாயில அந்த வார்த்தை அதுவரைக்கும் வந்ததே இல்ல.

"பசிக்குதும்மா"ன்னான்.

சடச்சிக்குப் பக்கத்துல எலை போட்டா. அவன் தலையத் தூக்காமச் சாப்பிட்டான்.

அவ்வளவுதான். ஒருத்தருக்குச் சோறு போடணும்னா மொதல்ல அவங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சுட்டு வாங்க. எலையெல்லாம் எடுத்தாச்சு, விளக்கு வெச்சாச்சு, கதையும் கை கழுவியாச்சு, கண்ண மூடுங்க.