சுண்டுவிரலும் யானைக் கனத்து மணியும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குக் காலையில் எழுந்ததுமே ஏதாவது விபரீத ஆசை வந்துவிடும். அவரைச் சிரிக்கவைப்பது ஐயாறப்பனின் வேலை. பாவம், அவன் "மழை வரும்போல" என்றாலும் சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நின்று பேச அவனுக்கு ஊரில் ஓர் ஆள் கிடையாது. வீட்டில் ஒரு மண்சட்டியை உத்தரத்தில் தொங்கவிட்டு, தள்ளுவதும் ஆட்டத்தைக் கவனிப்பதுமாகப் பொழுதைப் போக்குவான். புதிதாக ஏதாவது பிடிபட்டால் துள்ளுவான். சொல்லலாம் என்று திரும்பினால் சுவர்தான் இருக்கும்.

அரண்மனை வாசலில் நீண்ட சங்கிலியில் புது மணி ஒன்று தொங்கியது. யானைக் கனம். ஐயாறப்பனைக் கண்டாலே வயிறெரியும் தளவாய் மாவலிக்கு அது வசதியாகப் போயிற்று.

"மன்னா, தங்கள் விகடகவி ஒற்றைச் சுண்டுவிரலால் இந்த மணியை ஆட்டிக் காட்டட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"பேஷ்! அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

ஐயாறப்பன் சுண்டுவிரலால் தள்ளினான். மணி அசைந்ததாகவே தெரியவில்லை. தளவாய் மணிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்று, சபையைப் பார்த்துக் கேலி பேச ஆரம்பித்தார். ஐயாறப்பன் விரலை எடுக்கவில்லை. மணி மயிரிழை போய்த் திரும்பியது விரலுக்குத் தெரிந்தது. அது மறுபடி போகக் கிளம்பும் சமயம் பார்த்து இன்னொரு தள்ளு. பிறகு இன்னொன்று. நூறு தள்ளலில் விரற்கடை ஆடிய மணி, முந்நூறாவதில் போய்த் தளவாயின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் பொற்பதக்கத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

"மன்னா, இது எப்படி நடந்ததென்றால்..." என்று ஐயாறப்பன் ஆரம்பித்தான்.

சபை மறுபடியும் சிரித்தது. அவன் பதக்கத்தை மடியில் முடிந்துகொண்டு கிளம்பினான்.

சாயங்காலம் அவன் சட்டிக்குப் பக்கத்தில் அதே நீளக் கயிற்றில் பதக்கத்தைக் கட்டி, இரண்டையும் ஒன்றாக ஆடவிட்டான். கனத்த சட்டியும் சின்னப் பதக்கமும் ஒன்றாகவே போய் ஒன்றாகவே வந்தன. அடடா என்று துள்ளித் திரும்பினான். சுவர்.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. வாசலில் தளவாய், தலைப்பாகை இல்லாமல். அவருடைய வலது சுண்டுவிரல் கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது.

"சிரிக்காதீர் ஐயா. எல்லோரும் போன பிறகு நானும் தள்ளிப் பார்த்தேன். அசையவே இல்லை. அது எப்படி?"

ஐயாறப்பன் அவரை உள்ளே அழைத்துப் போனான். சட்டியைப் பிடித்து நிறுத்தினான்.

"உட்காருங்கள். இடது கையால் தள்ளுங்கள்," என்றான்.