நான்காம் மாடி வாசற்கால்

ஊர் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் முன்பொரு சமயம் ஒரு கட்டடம் எழும்பிப் பாதியில் நின்றது. தூண்களும் தளங்களும் இருந்தன. சுவர் ஒன்றுகூட இல்லை. வாங்கிய பத்துக் குடும்பங்களும் நல்ல நாள் பார்த்து மஞ்சள் பூசி, ஆளுக்கொரு வாசற்கால் மட்டும் நிறுத்தியிருந்தார்கள். கட்டை முட்டுக் கொடுத்து நின்ற அந்தப் பத்து வாசற்கால்களுக்கும் இந்தப் பக்கமும் வெளி, அந்தப் பக்கமும் வெளி.

வேலையாட்கள் போய் நூறு நாள் ஆனபின், அங்கிருந்த பொருள்கள் பேசத் தொடங்கின.

"நேற்று மூன்றாம் மாடியில் பால் காய்ச்சினார்களே, கேட்டாயா?" என்றது நான்காம் மாடி வாசற்கால். "அதோடு ஒன்பது. இனி நான்தான் பாக்கி."

லிஃப்ட் குழியிலிருந்து பதில் தாமதமாக வந்தது. அதன் குரல் எப்போதும் கீழே போய்த் தொட்டுவிட்டுத்தான் மேலே ஏறும்.

"சந்தோஷப்படாதே. கட்டடம் கட்டுகிற முதலாளி திவால். நாளை நீதிமன்றத்தில் வழக்கு. முதலாளியின் ஆள், மேஸ்திரிகளை மேய்க்கிற சற்குணம், அந்த நோட்டீஸைக் கசக்கி என்மேல்தான் எறிந்தான். படித்துவிட்டேன்."

"பிறகு எதற்கு அவசரமாகப் பால் காய்ச்சச் சொல்கிறான்?"

"ஆடி பிறக்க இரண்டு நாள்தான். அதை விட்டால் ஒரு மாதம் யாரும் குடிபுக மாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். சாவி வாங்க வருகிறவர்கள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டதும் கணக்கு முடிந்தது; பிறகு வீடும் கேட்க முடியாது, பணமும் கேட்க முடியாது. அவர்கள் கொடுத்ததெல்லாம் என்னிடம் வந்துவிடும். இந்தக் கட்டடத்தில் முழுதாக முடிந்தவன் நான் ஒருவன்தானே. வெறுமைக்குப் பூச்சு வேலை கிடையாது."

வாசற்கால் தன்னையே கேட்டுக்கொண்டது. 'நான் நிற்பதால்தான் இதை வீடு என்று நம்புகிறார்களோ?'

அன்று காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில், நான்காம் மாடிக்காரர்கள் வந்தார்கள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற தாமோதரன், அவர் மனைவி பிரேமாவதி. அவள் கையில் பால் பாத்திரம். முன்னால் சற்குணம்.

"கதவே இல்லையே, சாவி எதுக்குப்பா?" என்றார் தாமோதரன்.

"கதவு லோடு வந்துக்கிட்டே இருக்கு சார்."

"எங்கேருந்து, இமயமலையிலேருந்தா?"

"நல்ல நாளும் அதுவுமா வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க," என்றாள் பிரேமாவதி. "வாடகை வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லி ரெண்டு மாசமாச்சு. இங்க பால் காய்ச்சிட்டா எனக்கு நிம்மதி. தம்பி, எங்க போடணும் கையெழுத்து?"

சற்குணம் பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். அதில் ஒரே வரி: 'வீட்டை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்.'

"பொய்யை எப்படிக் கூசாமல் சுமக்கிறாய்?" என்று கேட்டது வாசற்கால்.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே," என்றது காகிதம். "அவர்கள் பெயர் போட்டபிறகு அவர்கள்தான் சொல்கிறார்கள். நான் ஞாபகம் மட்டும் வைத்துக்கொள்வேன்."

"முதல்ல உள்ளே வாங்கம்மா. கையெழுத்து அப்புறம்," என்றான் சற்குணம். பிரேமாவதி வலது காலைத் தூக்கினாள்.

வாசற்கால் தன் முட்டுக்கட்டையைப் பார்த்தது. வாசற்காலாய்ப் பிறந்ததற்கு ஒரு கால் தன்னைத் தாண்டிப் போனால் போதும் என்று இத்தனை நாள் காத்திருந்தது. அந்தக் கால் இதோ இருந்தது.

முட்டுக்கட்டை உருண்டது. காற்றே இல்லாத அந்த வேளையில் வாசற்கால் பின்பக்கமாய்ச் சாய்ந்து தளத்தில் விழுந்தது. சத்தம் குழிக்குள் இறங்கி, வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது.

பிரேமாவதி தூக்கிய காலைப் பின்னால் வைத்தாள். எதிரே தூண்கள், அப்பால் பொட்டல். அவ்வளவுதான் இருந்தது. இவ்வளவு நேரமும் அவ்வளவுதான் இருந்தது.

"வாசக்கா விழுந்த இடத்துல நான் பால் காய்ச்ச மாட்டேன்."

"அம்மா, காத்துக்கு விழுந்திருக்கும்மா. ஆளை விட்டு நிமித்திடறேன்."

"சுவர் வெச்சு நிமித்து. அப்புறம் கூப்பிடு. அன்னைக்குக் கையெழுத்து."

"இன்னைக்கே போட்டாத்தான்மா உண்டு! நாளைக்கு என் கையில ஒண்ணும் இருக்காது."

தாமோதரன் அவன் தோளைப் பிடித்தார். "நாளைக்கு என்னப்பா?"

சற்குணம் தோளை விடுவித்துக்கொண்டு காகிதத்தைப் பையில் திணித்தான். தாமோதரன் மனைவியைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி, நேராக வக்கீல் வீட்டுக்குப் போனார்.

"முட்டாளே, இனி யார் உனக்கு மஞ்சள் பூசுவார்கள்?" என்றது குழி.

"இப்போது நான் வெறும் மரம்," என்றது தரையில் கிடந்த வாசற்கால். "அதுவாவது உண்மை."

சில மாதம் கழித்து, திவால் கணக்கைப் பார்க்க நீதிமன்றம் நியமித்த அதிகாரி, வீடு வந்ததா என்று ஒவ்வொருவரையும் விசாரித்தார். தாமோதரன் வீடு வாங்கிய பழைய ஒப்பந்தத்தை இணைத்து, 'வரவில்லை' என்று கெடுவுக்குள் எழுதிக் கொடுத்திருந்தார். பணம் திரும்ப வரவேண்டியவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. மற்ற ஒன்பது பேர் வாய் திறக்கும் முன்பே அவர்களுடைய காகிதங்கள் பேசிவிட்டன: 'வந்துவிட்டது.'

அந்த ஒன்பது வாசற்கால்களும் இன்னும் நேராக நிற்கின்றன. அவற்றைத் தாண்டி உள்ளே போனவர்கள் யாரும் இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.