எசமான் தூங்கிய மத்தியானம்

காற்றுகூடக் கொட்டாவி விடுகிற மத்தியான நேரம். தாமரைக் குளத்து மண்டபத்தில், ஊஞ்சலில் சாய்ந்திருந்த ஜமீன்தாருக்கு விசிறி வீசிக்கொண்டிருந்தாள் பூவாயி.

"என் சாமியை நம்பாதவங்க நாளைக்கே ஊரைவிட்டுக் கிளம்பணும். நீ நம்புறியா?" என்றார் அவர்.

பூவாயிக்குப் போக வேறு ஊர் கிடையாது. "கும்பிடச் சொன்னா கும்பிடுறேன் எசமான். நம்பிக்கை தானா வரணுமே?"

"உன் மனசு, நீ சொன்னா கேக்காதா?"

"உங்க கண்ணு, நீங்க சொன்னா கேக்குமா? இப்பவே தூங்கிக் காட்டுங்க. நானும் நம்பிடுறேன்."

"இவ்வளவுதானா!" என்று ஜமீன்தார் கண்ணை இறுக்கி மூடினார். ஊஞ்சல் அசைந்தது. தாமரை வாசம் வந்தது. தும்பி ஒன்று மீசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. குறட்டை விட்டுப் பார்த்தார்.

பூவாயி குனிந்து மெல்லக் கேட்டாள்: "எசமான், தூங்கிட்டீங்களா?"

"தூங்கிட்டேன்!"

"அப்ப நானும் நம்பிட்டேன் எசமான்."