வீட்டுக்கென்று ஒரு கேமரா

குழந்தைவேலு தன் குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. பவானி ஆற்றங்கரையில், ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, ஓர் ஓட்டு வீட்டில் தனியாக வாழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் அங்கே வருவார்கள். பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். கேட்பதற்கு ஏதாவது இருந்தால் கேட்பார்கள். சில சமயம் அவர் பதில் சொல்வார்.

அந்த ஞாயிறு மற்றவர்கள் போன பிறகும் குழந்தைவேலு எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை இருந்தது.

“என்ன அது?” என்றார் மங்கையர்க்கரசி.

“சிரிக்கக் கூடாதுங்கம்மா.”

“சிரிப்பு வந்தா சிரிப்பேன். காட்டுங்க.”

பையிலிருந்து இரண்டு சின்னக் கேமராக்களை எடுத்துப் பாயில் வைத்தார். இரண்டுமே சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். கோபியில் கேமராக் கடை வைத்திருக்கும் நண்பர், வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரச் சொல்லிக் கொடுத்தவை.

“எதை வச்சுக்கறதுன்னு தெரியலீங்க. நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வச்சுக்கறேன்.”

“போன வாரம் மறுபிறவியைப் பத்திக் கேட்டீங்க.”

“இந்த வாரம் இதுதாங்க கேள்வி.”

அவர் சிரித்தார். பிறகு குழந்தைவேலுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழந்தைவேலு ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். அவருக்கும் மனைவி சரோஜினிக்கும் பிள்ளையில்லை. அந்தச் சித்திரையில்தான் ஒரு காப்பகத்திலிருந்து ஏழு வயது வெண்ணிலாவைத் தத்தெடுத்திருந்தார்கள். அவளுக்குத் தவழ்ந்த படம் இல்லை, நடை பழகிய படம் இல்லை. இருந்ததெல்லாம் காப்பகத்தார் முதலில் அனுப்பிய ஒரே படம். இனிமேலாவது எடுத்து வைக்க வேண்டும் என்று சரோஜினி ஆசைப்பட்டாள். கைபேசியில் எடுத்தால் கடைச் சேலைப் படங்களுக்கு நடுவில் தொலைந்துபோகும், வீட்டுக்கென்று ஒரு கேமரா இருக்கட்டும் என்றாள்.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று மங்கையர்க்கரசி கேட்டார்.

“இது தூரத்துல இருக்கறதைக் கிட்டக் கொண்டுவந்துடுங்க. அக்கரையில நிக்கற கொக்கோட கண்ணுகூடத் தெரியும். அதுல அவ்வளவு தூரம் வராது. ஆனா பின்னாடி இருக்கற திரையை முன்பக்கமாத் திருப்பிக்கலாம். யாரை எடுக்கறமோ அவங்களே தங்களைப் பாத்துக்கலாம்.”

“உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?”

“முதல்ல சொன்னதுதாங்க.”

“ஏன்?”

“வெண்ணிலா படம் எடுக்க விடமாட்டேங்கறா. போனைத் தூக்கினாலே பீரோவுக்குப் பின்னாடி போய் நின்னுக்கறா. இதுன்னா, அவ தெருவுல விளையாடறப்போ மொட்டை மாடியில இருந்து எடுத்துடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

மங்கையர்க்கரசி அந்தக் கேமராவைக் கையில் எடுத்தார். எதை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டார்.

“ஆத்துல கை கால் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்.”

குழந்தைவேலு ஆற்றுக்கு இறங்கிப் போனார். காலைத் தண்ணீரில் விட்டதும் அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் வெண்ணிலா, “சார், தண்ணி வேணும்” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவர் அவளுக்குச் சார்தான். சரோஜினி, மிஸ். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் அவர் கொஞ்சம் அழுதார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மங்கையர்க்கரசி கேமராவை அவர் முன் நீட்டினார். திரை முழுக்கக் குழந்தைவேலுவின் முகம். அழுகிற முகம்.

“இதை எதுக்கு எடுத்தீங்க?”

அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

“நல்லா விழுந்திருக்கே. கண்ணுல நிக்கற தண்ணிகூடத் தெரியுது.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

குழந்தைவேலு கேமராவை வாங்கிப் பைக்குள் போட்டார். மங்கையர்க்கரசி கேட்டார்:

“பீரோவுக்குப் பின்னாடி ஏன் போறான்னு... அவளைக் கேட்டீங்களா?”

“சின்னப் புள்ளைங்க. கூச்சமா இருக்கும்.”

“கேட்டீங்களா?”

“இல்லீங்க.”

அன்று மாலை சமையலறைத் தரையில் சரோஜினியும் வெண்ணிலாவும் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலுவும் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

“வெண்ணிலா, படம் எடுத்தா உனக்கு ஏன் பிடிக்கலை?”

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கூடையில் பாதி காலியான பிறகு அவளாகவே சொன்னாள்.

“படம் எடுத்தாப் போயிடணும்.”

“எங்க?”

“அங்க ஹோம்ல புதுக் கவுன் போட்டுவிட்டு எடுப்பாங்க. அப்புறம் கார் வரும். பொன்னியை எடுத்தாங்க, பொன்னி போயிட்டா. என்னை எடுத்தாங்க, இங்க வந்துட்டேன்.” ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டாள். “இங்கயும் எடுத்தா அப்புறம் எங்க போகணும், சார்?”

சரோஜினியின் கை நின்றுவிட்டது.

“எங்கயும் போக வேண்டாம் கண்ணு. இதுதான் உன் வீடு” என்றார் குழந்தைவேலு. சரோஜினியும் அதையே சொன்னாள். வெண்ணிலா தலையை ஆட்டினாள். பெரியவர்கள் மனம் கோணாமல் இருக்கக் குழந்தைகள் ஆட்டுகிற ஆட்டல் அது.

அடுத்த ஞாயிறு குழந்தைவேலு இதையெல்லாம் மங்கையர்க்கரசியிடம் சொன்னார்.

“எத்தனையோ தடவை சொல்லிட்டோம். நம்பமாட்டேங்கறா. ரெண்டு கேமராவையும் திருப்பிக் குடுத்துடட்டுங்களா?”

“அவ கண்ணால பாத்ததைச் சொல்றா. நீங்க வாயால சொன்னா மாறிடுமா?”

“வேற என்னங்க செய்யறது?”

“திரை திரும்பற கேமராவை அவ கையில குடுங்க. உங்களை எடுக்கட்டும். எடுத்த பிறகும் போகாதவங்களை அவ பாக்கட்டும்.”

தூரத்தைக் காட்டும் கேமரா கடைக்குத் திரும்பிப் போனது. மற்றதை வெண்ணிலாவிடம் கொடுத்தார்கள். அவள் இரண்டு நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு காலை, தோசைக்கல்லுக்கு முன் நின்ற சரோஜினியை எடுத்தாள். எடுத்துவிட்டுச் சமையலறை வாசலிலேயே நின்றாள். சரோஜினி துணி எடுக்கக் கொல்லைக்குப் போனால் பின்னாலேயே போனாள். மளிகைக் கடைக்குப் போனால் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். மறுநாள் விழித்ததும் பல்கூடத் தேய்க்காமல் சமையலறைக்கு ஓடி வந்தாள். சரோஜினி அங்கேதான் இருந்தாள்.

அடுத்து குழந்தைவேலுவை எடுத்தாள். அவர் வேலைக்குப் போனார், மாலையில் வந்தார். கேட்டருகே நின்றவள் அவர் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டாள்.

“வந்துட்டீங்க” என்றாள்.

“வந்துட்டேன்” என்றார் அவர்.

பக்கத்து வீட்டு ஆட்டை எடுத்தாள். பால்காரரை எடுத்தாள். பால்காரர் மறுநாளும் வந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பியவள் வாசலில் நின்றுவிட்டாள்.

“என்னை ஒண்ணு எடுங்க.”

குழந்தைவேலு திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்தார். அவள் பள்ளி வேனில் ஏறிப் போனாள். அன்று சரோஜினி வாசலைவிட்டு நகரவில்லை. மாலையில் வேன் வந்து நின்றதும் வெண்ணிலா ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் போனாள். அவள் தட்டு, அவள் சீப்பு, அவள் தலையணை, எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

மறுநாள் காலையும் அதே இடத்தில் நின்று எடுக்கச் சொன்னாள். அதற்கு மறுநாளும்.

கார்த்திகை மழையில் நனைந்துகொண்டு குழந்தைவேலு மறுபடி கேமராவோடு ஆற்றங்கரை வீட்டுக்கு வந்து நின்றார்.

“இப்போ என்ன?” என்றார் மங்கையர்க்கரசி, துவட்டிக்கொள்ளத் துண்டை நீட்டியபடி.

“கேமராவோட வந்த சின்னக் கார்டு நிறைஞ்சு போச்சுங்க. ‘அப்பா, ஒண்ணு எடுங்க’ன்னு தினமும் காலையில வந்து நின்னுடறா. எல்லாம் ஒரே மாதிரி. அதே வாசல், அதே சீருடை, அதே பை. சிரிக்கறதுகூட இல்லை. சிலதுல கண்ணை மூடிட்டிருக்கா. ஒண்ணுல பால்காரர் பாதி விழுந்திருக்கார். நல்லா வந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடலாம்னு நேத்து உட்கார்ந்தேன். எதை அழிக்கறதுன்னு தெரியலீங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

மங்கையர்க்கரசி கேமராவை வாங்கினார். முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். எதையும் தாண்டிப் போகவில்லை. ஓட்டின்மேல் மழை அடித்துக்கொண்டிருந்தது.

ஆடி மாதப் படங்களில் வெண்ணிலாவின் ஒரு கை கதவு நிலையை இறுகப் பிடித்திருந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. ஆவணியில் அந்தக் கை நிலையின்மேல் சும்மா கிடந்தது. ஐப்பசியில் ஒரு படத்தில் அந்தக் கையில் பாதி கடித்த முறுக்கு இருந்தது.

கடைசிப் படம்வரை பார்த்துவிட்டு அவர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

“எதைங்கம்மா அழிக்கட்டும்?”

“எந்த நாள் அவ உங்க வீட்டுல இல்லாம இருந்திருந்தாலும் பரவாயில்லைன்னு தோணுதோ, அந்த நாளோட படத்தை.”