தேக்குக்கு வைத்த ஒப்பாரி

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்று நாட்டை இளவரதன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனசுதான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு புத்தி. யாராவது அழுதால் போதும், கழுத்து மாலையைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

ஒரு வருஷம் பெரும்புயல் அடித்தது. ஆற்றங்கரை வீடுகளுக்குக் கூரை போச்சு. குலை தள்ளி நின்ற வாழையெல்லாம் படுத்துவிட்டது. "நஷ்டப்பட்டவர்களுக்கு அரண்மனைப் பொன்! சபையில் யார் அதிகம் அழுகிறார்களோ அவர்களுக்கே!" என்று தண்டோரா போடச் சொன்னார் ராஜா.

வாழைக்காரர்கள் சார்பில் குருவம்மா வந்தாள். ஈரம் காய்வதற்குள் புதுக் கன்று வாங்கி ஊன்றாவிட்டால் அடுத்த வருஷமும் அவள் வீட்டு அடுப்பில் பூனைதான் தூங்கும். ஆனால் அழுகை வரவேண்டுமே! இருந்த கண்ணீரையெல்லாம் தோட்டத்திலேயே கொட்டிவிட்டு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார் காட்டு அதிகாரி வச்சிரவேலர். மலைத் தேக்கை வெட்டி விற்கிற குத்தகை அவருடையது. வாழைக்காரர்களுக்குப் பொன்னா என்று அவருக்கு வயிற்றெரிச்சல். பின்னாலேயே கூலிக்குப் பிடித்த ஒப்பாரிப் பெண்கள்.

"தங்க நெறத் தேக்கே, தரையில சாஞ்சாயோ! காத்து வந்து கூப்பிட்டதும் கண்ண மூடிப் போனாயோ!"

மாரில் அடித்துக்கொண்டு அவர்கள் அழுத அழுகையில் ராஜா மூக்கைச் சிந்தினார். "பாவம் வச்சிரவேலரே, பொன் முழுக்க உமக்குத்தான்!" குருவம்மாவைப் பார்த்து, "நீ ஏனம்மா மரம் மாதிரி நிற்கிறாய்?" என்றார்.

மலைப் பக்கம் புயலே போகவில்லை என்று குருவம்மாவுக்குத் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? சட்டென்று போய் அந்தப் பெண்களோடு உட்கார்ந்து அவளும் மாரடித்தாள். வச்சிரவேலருக்கு ஒரே பெருமை.

அடித்து முடித்து எழுந்து, "ராஜா, எப்போ எடுக்கிறீங்க?" என்றாள்.

"எதை அம்மா?"

"பிணத்தைத்தான். ஒப்பாரி வெச்சாச்சு, பொழுது சாயறதுக்குள்ள எடுத்துக் கொள்ளி வைக்கணும்ல? பிணத்தைப் போட்டுட்டு யாராச்சும் பொன் வாங்கப் போவாங்களா?"

ராஜா துள்ளி எழுந்தார். "ஐயையோ, என் சபையில் தீட்டு! நாவிதரைக் கூப்பிடுங்கள்! அதிகாரி கிடங்கில் கிடக்கிற தேக்கையெல்லாம் அடுக்குங்கள். அவர் கையாலேயே கொள்ளி!"

"மகாராஜா, மீசை..." என்று பதறினார் வச்சிரவேலர்.

"எழவு வீட்டுல மீசை என்னங்கய்யா மீசை?" என்றாள் குருவம்மா.

ஒரு பக்க மீசை போயிற்று. பொன்னை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டார் வச்சிரவேலர். மறு பக்கம் எடுப்பதற்குள் நெருப்புச் சட்டி வந்தது. "கிடங்குக்குக் கிளம்பலாமா?" என்று சேவகன் கேட்டதுதான் தாமதம், மனிதர் தரையில் விழுந்துவிட்டார்.

"கொளுத்தாதீர்கள்! அது புயலில் செத்த மரம் இல்லை! நானே கோடாலி போட்டு வெட்டினது! வியாபாரியிடம் முன்பணம்கூட வாங்கிவிட்டேன்!"

ஒப்பாரிக்காரிகளில் மூத்தவள் மெதுவாக, "அப்போ எங்க கூலி?" என்றாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "கூலியை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பொன் வாழைக்காரர்களுக்கு. தேக்கு, கூரை போன வீடுகளுக்கு. இனிமேல் அழுகிற முகத்தைப் பார்த்துக் கொடுக்கமாட்டேன், தோட்டத்தைப் போய்ப் பார்த்துக் கொடுப்பேன். குருவம்மா, உனக்கென்று என்ன வேண்டும்?"

"கன்னு ஊன்ற ஆள் பத்தலை ராஜா. கோடாலி பிடிச்ச கை, மண்வெட்டி பிடிக்காதா?"

"பிடிக்கும், பிடிக்கும்!" என்றார் ராஜா.

"மிச்ச மீசை?" என்று கேட்டார் நாவிதர்.

"வாழை குலை தள்ளுகிறவரை அப்படியே இருக்கட்டும்!"

அரை மீசையோடு வச்சிரவேலர் குழி வெட்ட, ஊரே வேடிக்கை பார்க்க, கன்று வளர்ந்தது. முதல் குலை அரண்மனைக்குப் போச்சு, கதை நம்மிடம் வந்து சேர்ந்தது.