பூக்கோழி

தாமோதரனார் மொழிபெயர்ப்பு கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய மாணவர்கள் ஏதாவது ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வருவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெய்வநாயகி வந்தாள். அரசு அறிவிப்புகளைத் தமிழாக்குவது அவள் வேலை. அந்த வேலையிலேயே தலை நரைத்தவள்.

"ஃப்ளோரிகன்னா என்ன ஐயா?"

"ஒரு பறவை. அபூர்வமானது."

"அது தெரியும். சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"அது எங்கேயிருந்து வந்த சொல்லுன்னு ஆங்கிலேயருக்கே நிச்சயமில்லை."

"புழக்கத்துல?"

"வேட்டைக்குப் போனவங்க எழுதின பழைய புத்தகங்கள்ல பார்க்கலாம். 'சுட்டேன்' பக்கத்துல நிக்கும். அடுத்த வரியில 'ருசியாக இருந்தது' வரும்."

அவள் சிரிக்கவில்லை.

"ஏற்கெனவே ஏதோ போட்டுட்டே" என்றார் ஆசான். "இல்லேன்னா போன்லயே கேட்டிருப்பே."

"பூக்கோழின்னு போட்டேன்."

"ஏன்?"

"ஃப்ளோரான்னா பூ. படத்துல கோழி மாதிரி இருந்தது. தெரியாத சொல்லைப் பிரிச்சுப் பாருன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க."

"சொன்னேன்" என்றார் அவர்.

ஊருக்கு மேற்கே இருந்த புல்காட்டில் சூரிய மின்தகடு பதிக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டிருந்தது. அந்தப் பறவை அங்கே இருந்தால் இடம் கிடையாது என்பது நிபந்தனை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் தெய்வநாயகியின் தமிழைத்தான் ஒலிபெருக்கியில் படித்தார்கள். இந்தக் காட்டில் பூக்கோழி உண்டா? ஒருவர்கூட உண்டு என்று சொல்லவில்லை. அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

"திங்கட்கிழமைக்குள்ள பிழைத்திருத்தம் கொடுத்தா மறுபடி கூட்டம் போட வைக்கலாம் ஐயா. எழுதிட்டேன். சரியான பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்."

ஆசான் சட்டையை எடுத்து மாட்டினார்.

"வா. அங்கே போய்க் கேப்போம்."

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில், சாலையோர வேலிக்கருவைப் புதர்களுக்கு நடுவே கருத்தாயி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். புல்காட்டை ஒட்டிய ஊர்க்காரி. சாலைக்கு அந்தப் பக்கம் மேடு. மேட்டுக்குப் பின்னால்தான் காடு.

"ஏம்மா, இந்தப் பக்கம் பூக்கோழி உண்டா?" என்று கேட்டார் ஆசான்.

"நீங்களுமா? கூட்டத்துலயும் இதத்தான் கேட்டாவ. கல்யாணத்துக்குச் சோடிச்ச கோழியான்னு எங்க வீட்டுக்காரரு கேட்டாரு. அந்த ஆபீசருக்கே சிரிப்பு வந்துட்டு. அப்படி ஒரு பறவையே கெடையாதேய்யா. பொய் சொல்லக்கூடாதுல்லா? இல்லைன்னுட்டோம்."

தெய்வநாயகி முன்னால் வந்தாள். "அக்கா, கோழி அளவுல இருக்கும். கால் நீளம். மழை பெஞ்சா புல்லுக்கு மேல எம்பி எம்பிக் குதிக்கும்."

"அது வரகுக்கோழில்லா." கருத்தாயி கையிலிருந்த கம்பைத் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். "இந்த உசரத்துக்கு எம்பும். பொட்டையக் கூப்பிடுதாம். போன மழைக்கு ஒண்ணு, விடிஞ்சதுலேர்ந்து எம்பி எம்பி விழுந்துக்கிட்டே கெடந்துச்சு. நாலு நாளு பாத்தேன். பொட்ட வரல."

"கூட்டத்துல ஏன்க்கா சொல்லலை?"

"வரகுக்கோழிய யாரு கேட்டா?"

தெய்வநாயகி பையிலிருந்து தாளை எடுத்தாள். விட்டிருந்த இடத்தில் வரகுக்கோழி என்று எழுதினாள். நின்றுகொண்டே எழுதியதால் எழுத்து கொஞ்சம் கோணியது.

"மறுபடி கூட்டம் போட்டா வருவீங்களாக்கா?"

"வந்து?"

"இங்கே வரகுக்கோழி உண்டுன்னு சொல்லணும். அது போதும்."

கருத்தாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆசானைப் பார்த்தாள்.

"இவுக இன்னும் மேட்டுக்கு அந்தப் பக்கம் பாக்கலையோ?"

மூவரும் மேடேறினார்கள்.

கண்ணுக்கு எட்டிய வரை செம்மண் சமமாகக் கிடந்தது. புல் இல்லை. புதரும் இல்லை. நட்டுவைத்த இரும்புக் கால்கள் வரிசை வரிசையாக நின்றன. தூரத்தில் ஒரு மண் தள்ளும் வண்டி வேலை முடிந்து வெயிலில் நின்றது.

"உத்தரவு வந்த மறுநாளே மிஷினு வந்துட்டு தாயி" என்றாள் கருத்தாயி. "இப்ப வந்து உண்டுன்னா, பொய் சொல்லச் சொல்லுதியா?"

கீழே ஆடு ஒன்று சாலைக்கு ஓடியது. அதை அதட்டிக்கொண்டே அவள் இறங்கிப் போனாள்.

தெய்வநாயகி தாளை மடிக்கவில்லை. காற்றில் அது படபடத்தது.

"பிழையைத் திருத்தணுமே ஐயா."

ஆசான் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூக்கோழின்னே இருக்கட்டும் நாயகி. இனி அதுதான் சரியான பேர்."