நாற்பத்து மூன்று உருப்படிகள்

கேட்பவர் முன்னதாக அறிய வேண்டியவை சில உள. நல்லபெருமாள் ஓய்வுபெற்ற நில அளவையர். அறுபத்தொரு வயதில் சீடரானவர். அவருடைய குரு குழல்வாய்மொழி அம்மையார் அவரைவிட இருபது ஆண்டு இளையவர். மடத்தின் உத்தரம் விரிசல் கண்டதால், கத்திரி வெயில் என்றும் பாராமல் வீடு மாற வேண்டியதாயிற்று. அன்று புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு இராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் நிறைகுடத்துடன் புதுமனை புக வேண்டும்.

நல்லபெருமாள் நாற்பத்து மூன்று உருப்படிகளுக்கு எண்ணிட்டு, பட்டியலை ஓர் அட்டையில் செருகி வைத்திருந்தார். குடிநீர்த் தவலைக்கு முதல் எண். ஆகவே அதுவே முதலில் கைவண்டி ஏறி, மற்றெல்லாச் சுமைக்கும் அடியில் போய்விட்டது.

வழியில் அம்மையார் மூன்று முறை வண்டியை நிழலில் நிறுத்தச் சொன்னார். மூன்று முறையும் நல்லபெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் எத்தனை நிழல் பாக்கி, தாயே?”

“நிலம் அளந்தவர் நீங்கள். நீங்களே சொல்லுங்கள்.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

வண்டிக்காரர் கொம்பையா, நல்லபெருமாள் இடுப்பில் ஏந்தியிருந்த குடத்தைப் பார்த்துக் கேட்டார்: “சாமி, அந்தக் குடத்துல ஒரு மடக்குத் தண்ணி?”

“இது நிறைகுடம். தொடக் கூடாது. இன்னும் ஒரு தெருதான்.”

“ஒரு தெரு, ஒரு தெருன்னு நாலு தெரு ஆச்சு சாமி.”

வண்டி நகர்ந்தது. நூறு அடி போனதும் நின்றது.

“மாட்டை அவுத்துரட்டா, சாமி?” என்றார் கொம்பையா.

“கைவண்டிக்கு ஏது மாடு? கேலி பேசும் நேரமா இது?”

அம்மையார் கொம்பையாவின் கழுத்தைத் தொட்டார். அனலாய்க் கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை. சட்டையைக் கழற்றி, அவரைச் சுவரோர நிழலில் கிடத்தினார். எதிர்க்கடைக்காரர் ஆம்புலன்சை அழைத்தார். அம்மையார் குடத்துக்குக் கை நீட்டினார்.

நல்லபெருமாள் குடத்தை இறுகப் பற்றினார். “தாயே, இன்னும் பத்தே நிமிடம்!”

“அவருக்கு இல்லை.”

குடம் கைமாறியது. தலையிலும் கழுத்திலும் மார்பிலும் நீர் வழிந்தது.

“விசிறுங்கள்.”

“விசிறி இருபத்தேழாவது எண். அது அடியில்...”

அம்மையார் அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். நல்லபெருமாள் அதனாலேயே விசிறினார். பன்னிரண்டு மணி கடந்தது. ஆம்புலன்சு வரும்வரை கையை நிறுத்தவில்லை.

அது சென்ற பின் எரிச்சலும் அழுகையுமாய்க் கேட்டார்: “பட்டியலில் என்ன பிழை, தாயே? ஒன்றுகூட விடுபடவில்லையே!”

“கொம்பையா எத்தனையாவது எண்?”

பின்னர் முடிவானவை: கொம்பையா மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார். சுமை முழுவதும் இரண்டு காலைப்பொழுதுகளில், எட்டு மணிக்குள், புதுமனை சேர்ந்தது. தவலை இம்முறை எல்லாச் சுமைக்கும் மேலே ஏறியது. நனைந்து அழிந்த பட்டியலை நல்லபெருமாள் புதிதாக எழுதினார். முதல் எண்ணுக்கு எதிரே என்ன எழுதுவதென்று அவர் எவரையும் கேட்கவில்லை.